இரண்டு மீட்டருக்கு ஒன்றரை

நடுவில் நின்றுபோன லிஃப்டிலிருந்து
ஆட்களை வெளியே எடுப்பது என் வேலை.
கதவைப் பிளந்ததும் அவர்கள் முதலில் பார்ப்பது
என் முகத்தை அல்ல, தரையை.
கண் சொல்வதை வயிறு நம்பாத நேரம் அது.

ஆகவே ஷாம் ஷுய் போ கணினிச் சந்தையில்
லாம் கின்-சாங் கால்குலேட்டரைத் தட்டியபடி
"நொடிக்குத் தொண்ணூறு படம் வேண்டும்" என்றபோது
எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.
ஒரு படம் பிந்தினால் போதும்,
தளத்துக்கு நாலு விரற்கடை கீழே நின்ற பெட்டிபோல
தலை ஒரு மாடி, குடல் ஒரு மாடி.

ஹெட்செட் இருக்கிறது.
யீக்-ஹங் கொடுத்துவிட்டுப் போனது.
ஒன்பது வருடம் ஒரே லிஃப்டுக் குழியில்
நான் மேலே, அவன் பள்ளத்தில்,
வடத்தைத் தாண்டிக் கத்திக் கத்தியே பேசினோம்.
மதியம் பணிமனையில் மேசைப் பந்து.
இப்போது மான்செஸ்டரில் இருக்கிறான்.
கார் இல்லையாம், கராஜ் இருக்கிறதாம்.
"நீ கணினியை மாத்து, ஆடலாம்" என்கிறான்
பதினாலு மாதமாக.

கின்-சாங் முதலில் எடுத்து நீட்டியது
மூன்று விசிறி வைத்த கிராபிக்ஸ் அட்டை.
இடுப்பிலிருந்து டேப்பை உருவினேன்.
முந்நூற்று முப்பத்தாறு மில்லிமீட்டர்.
என் கேபினெட்டின் வயிறு முந்நூற்றுப் பத்து.
விரலுக்குத் தக்கதே வீக்கம்,
உள்ளே வை அதை.

சின்னதாக ஒன்று, கைமாறியது.
"நாணயமாகச் சொல்லுங்கள்,
நாணயம் தோண்டிய அட்டையா இது?"
சத்தியம் செய்தார்.
சத்தியத்தை ஓரமாக வைத்துவிட்டு
விசிறியைச் சுண்டி, காதோடு வைத்துக் கேட்டேன்.
பேரிங் பொய் சொல்லாது.

பிராசஸரோ கிழம்.
புதுசு வாங்கினால் போர்டு மாற வேண்டும்,
போர்டு மாறினால் ரேம் மாற வேண்டும்,
ரேம் மாறினால் வாடகை பாக்கி.
பழைய போர்டிலேயே உட்காரக்கூடிய
கடைசித் தலைமுறையைத் தேடி
ஏழு கடை ஏறி இறங்கினேன்.
எட்டாவதில் ஒரு பையன்
சோற்றுப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துத் தந்தான்.

பவர் சப்ளை?
லிஃப்டில் பதின்மூன்று பேர் என்று எழுதியிருந்தால்
பதினொன்றோடு கதவை மூடுகிறவள் நான்.
ஆனால் எங்கள் நாலு அறைக்கும் ஒரே ஃபியூஸ்.
என் அட்டை சூடேறினால்
மோக் அக்கா வீட்டில் சோறு அரைவேக்காடு.
எத்தனை வாட் வாங்கலாம் என்பதை
கடைசியில் தீர்மானித்தது
அவளுடைய ரைஸ் குக்கர்.

எல்லாம் பூட்டி
ஹெட்செட்டை மாட்டினேன்.
தரையில் எல்லை வரையச் சொன்னது.
வரைந்தேன்.
இடம் போதாது, என்றது.
இரண்டு மீட்டருக்கு ஒன்றரை வேண்டும்.
என் அறையில், கட்டில் போக,
சவப்பெட்டியை நிமிர்த்தி வைக்கலாம்.

இந்தப் பாகம் எந்த மாடியிலும் விற்பதில்லை.

பணிமனைக் கழிவில் இரண்டு கப்பி கிடந்தன,
பதினேழு மீட்டர் தேய்ந்த வடம்,
எதிர் எடைக்கு வார்ப்பிரும்புத் துண்டு ஒன்று.
ஞாயிறு முழுக்கச் சுவரைத் துளைத்தேன்.
மோக் அக்கா இரண்டு முறை வந்து திட்டினாள்,
மூன்றாம் முறை ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.
ஒரு விரலால் தள்ளினால்
இப்போது என் கட்டில் மேலே போகிறது,
கூரையில் ஓசையின்றி நிற்கிறது,
இந்தக் கட்டடத்தில் பழுதாகாத ஒரே லிஃப்ட்.

இரவு பதினொன்று. அவனுக்கு மாலை நாலு.
மேசை வந்தது. மேசைக்கு அப்பால்
முகமில்லாமல் ஒரு மட்டை,
அதைத் திருகிப் பிடிக்கும் விதம் மட்டும் அவனுடையது.
எடையே இல்லாத பந்தை ஓங்கி அடித்தேன்.
தண்ணீர்க் குழாயில் விரல்முட்டி கிழிந்தது.
அங்கேயும் ஏதோ டமார் என்றது.
அவ்வளவு பெரிய கராஜில்.
"வாஷிங் மெஷின்" என்றான், மூச்சு வாங்க.

ஒன்பதுக்கு ஏழு.
சர்வ் உன்னுடையது.